எண்ணெய் படியாத கைகள்

பழைய காரின் சிலிண்டர் தலையை வீட்டிலேயே கழற்றலாம் என்று ஒருவர் சொன்னால், படித்த தமிழர் கூடியிருக்கும் இடத்தில் முதலில் எழுவது சிரிப்பு. அடுத்து எழுவது அறிவுரை. "அதற்கென்று ஆள் இருக்கிறான், அவனிடம் விட்டுவிட வேண்டியதுதானே!" என்பர். அந்த அறிவுரையில் வரும் 'அவன்' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்திக் கேட்க வேண்டும். மருத்துவரை 'அவர்' என்கிற நா, வழக்கறிஞரை 'அவர்' என்கிற நா, மெக்கானிக்கை மட்டும் 'அவன்' என்கிறது. அந்த 'அவன்' பல வேளைகளில் தமிழன். சில வேளைகளில் அந்த அறிவுரையாளரிடமே ஆறாண்டு படித்தவன். வகுப்பறையில் உழைப்பின் உயர்வைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னவரும் அவரே.

உடலால் செய்வது ஒன்று, அறிவால் செய்வது வேறொன்று என்று பிரித்து வைத்துக்கொண்ட பழக்கமே இச்சிரிப்புக்கு வேர். இப்பிரிவினை எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்ட ஒரு காரின் இயந்திரத்தைத் திறந்து பார்த்தாலே போதும். சிலிண்டர் தலையைக் கழற்றும் வேலையில் தோள்வலிமைக்கு இருக்கும் பங்கு மிகச் சிறிது. வாசிப்பு, வரிசை, ஐயம், பொறுமை ஆகிய நான்குமே அங்கு வேலை செய்கின்றன. பள்ளிக்கூடம் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இந்நான்கையே அன்றோ?

எடுத்துக்காட்டுக்கு மோரிஸ் மைனரைக் கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிறிய கார் அது. 1956-இல் 948 சிசி இயந்திரமும், 1962-இல் 1098 சிசி இயந்திரமும் அதில் இடம்பெற்றன. மலாயாவில் ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் தோட்டத்துக் கிராணிமார்களையும் சுமந்து திரிந்த கார்களுள் அதுவும் ஒன்று. விற்க மனம் வராமல் அதைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்போர் இன்றும் உண்டு. அதன் இயந்திரம் ஒளிவு மறைவு அற்றது. முன்மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும்.

அவ்வியந்திரத்தின் உடற்பகுதியில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. அவற்றின் மேல் மூடியாக அமர்ந்திருப்பதே தலை. உள்ளே விடவும் வெளியே போக்கவுமாக எட்டு வால்வுகள் அதில் இருக்கின்றன. தலைக்கும் உடலுக்கும் நடுவே கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் எண்ணெய். மூன்றும் விரல் அகல இடைவெளியில் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அத்தகடே. அது எரிந்து ஓட்டை விழுந்தால் நீர் குறையும். புகைக்குழாயில் வெண்ணிற ஆவி தொடர்ந்து வரும். ரேடியேட்டரில் குமிழிகள் எழும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் அழுத்தம் இழக்கும்.

தலையைத் திறக்கப் பழைய கார்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்க்கப்பட்ட இரும்புத் தலை அது. வால்வு வந்து அமரும் இடத்தில் ஈயம் ஒரு மெல்லிய காப்பாக இருந்தது. உலகில் எந்நாட்டிலும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்கப்படவில்லை என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021-இல் அறிவித்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு ஒழிந்தது நன்றே. ஆனால் அந்தக் காப்பை இழந்த பழைய இருக்கைகள், நீண்ட தூரம் விரைந்து ஓடும்போது தேய்ந்து உள்வாங்குகின்றன. அவற்றில் கடினமான உலோக வளையம் பதிக்க வேண்டுமானால் தலை இறங்கியே ஆக வேண்டும்.

ஆயினும், கழற்றுவதற்கு முன் 'கழற்றத்தான் வேண்டுமா?' என்று கேட்பதே இவ்வேலையின் முதற்பாடம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் நிறத்தில் ஒரு பசை தெரிந்தவுடன் கேஸ்கெட் போயிற்று என்று கூவுவோர் பலர். நாள்தோறும் கால் மைல் கடைக்குப் போய்த் திரும்பும் காரில், இயந்திரம் முழுச்சூடு அடையாமையால் நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலந்தும் அதே பசை உண்டாகும். ஒரு தடயத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதுதல் ஆகாது. அழுத்தமானியை ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்து நான்கு எண்களைக் குறித்து, அவற்றை ஒப்பிட்ட பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். சான்று தேடாமல் முடிவுக்குத் தாவும் மாணவனின் கட்டுரையில் சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியருக்கு இது புரியாத செய்தியன்று.

இனி வேலைக்கு வரலாம். இயந்திரம் முழுதும் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். மோரிஸ் மைனரில் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை, இன்றைய காரைப் பார்த்துப் பழகியவன் அறியமாட்டான். கையேட்டைப் படித்தவன் அறிவான். பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயிலும் இயந்திர உடலின் குழாயிலும் நீரை வடிக்க வேண்டும். அந்நீரில் குளிர்விப்பு மருந்து கலந்திருந்தால் இனிப்புச் சுவையுடையது. நாயும் பூனையும் நக்கினால் இறந்துபோகும். ஆகவே அதனை வாசலில் ஓடவிடுதல் கூடாது. காற்று வடிகட்டி, கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், பிளக் கம்பிகள், மேல்நீர்க் குழாய், இருக்குமாயின் சூடேற்றிக் குழாய் எனத் தலையோடு தொடர்புடைய ஒவ்வொன்றும் விடுபட வேண்டும். தலைக்கும் நீர்ப்பம்புக்கும் இடையே விரல்நீளத்தில் ஒரு குட்டை ரப்பர்க் குழாய் ஒளிந்திருக்கும். பார்வைக்கு அற்பமானது, இவ்வியந்திரத்தில் கைவைத்தவரை அதிகம் திட்ட வைத்ததும் அதுவே. இதனை மறந்துவிட்டுத் தலையைத் தூக்க முயல்வோர், தலை ஒட்டிக்கொண்டது என்று சுத்தியலைத் தேடுகின்றனர்.

மேல்மூடியின் இரண்டு நட்டுகளைக் கழற்றினால் ராக்கர் தண்டு தெரியும். எட்டு வால்வுகளையும் தட்டித் திறக்கும் எட்டுக் கைகள் அதில் கோத்திருக்கும். இவ்விடத்தில்தான் படித்தவனும் படியாதவனும் பிரிகின்றனர். பட்டம் பெற்றவனும் பெறாதவனும் அல்லர். அத்தண்டைத் தாங்கும் கால்களைப் பிடித்திருக்கும் நட்டுகளுள் பெரியவை நான்கு, தலையையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. தலையை அழுத்திப் பிடிக்கும் நட்டுகள் மொத்தம் ஒன்பது. ராக்கரைத்தானே கழற்றுகிறோம் என்று அந்நான்கை மட்டும் முழுதும் தளர்த்திவிட்டால், ஒரு பக்கம் விடுபட்டு மறுபக்கம் இறுகிய நிலையில் தலை முறுக்குண்டு வளையும். ஆகவே ஒன்பதையும் ஒன்றாகக் கருதி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் முதலில் கால்சுற்று, பிறகு மீண்டும் சிறிது எனச் சுற்றிச் சுற்றி வந்து தளர்த்த வேண்டும். முறையைக் கையேடு படம் போட்டு எண்ணிட்டுக் காட்டுகிறது. அப்படத்தை வாசிப்பது வாசிப்பு ஆகாதா? வாசித்ததைப் பிழையின்றிக் கையால் நிறைவேற்றுவது, வாசித்ததை ஒப்பிப்பதைவிடத் தாழ்ந்ததா?

ராக்கர் தண்டை எடுத்தபின் எட்டு உந்துகம்பிகளை உருவ வேண்டும். கீழே எண்ணெய்ப் பசையால் அவை தட்டுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் விரலிடையே சுழற்றி விடுவித்த பிறகே தூக்குதல் வேண்டும். இல்லையேல் தட்டும் சேர்ந்து வந்து உள்ளே விழும். எடுத்தவற்றைக் காலணிப் பெட்டியின் அட்டையில் எட்டுத் துளையிட்டு, எண்ணெழுதி, வரிசையாகச் செருகி வைக்க வேண்டும். பல்லாண்டுகள் தத்தம் இடத்தில் தேய்ந்து பழகியவை அவை. இடம் மாறினால் தேய்வு மாறும்.

இங்கே மற்றொரு சாராரையும் கண்டிக்காமல் விடுதல் நேர்மையாகாது. கையேடு எதற்கு, அனுபவம் போதும் என்று மார்தட்டி, கழற்றிய யாவற்றையும் ஒரே மைலோ டின்னில் கொட்டிவைத்து, ஒரு மணி நேரத்தில் தலையை இறக்கிவிட்டதாகப் பெருமை பேசுவோர் அவர். மாட்டி முடித்தபின் இரண்டு நட்டுகள் மீந்தால், அவை தேவையற்றவை என்று சிரிப்பர். தொழிலை இழிவாகக் கருதும் படித்தவரும், தொழிலில் படிப்பை இழிவாகக் கருதும் இவரும் இரண்டு கட்சியினர் போல் தோன்றலாம். உண்மையில் இரு சாராரும் ஒரே கருத்தினர்: கைக்கும் ஏட்டுக்கும் உறவில்லை என்பதே அது.

நட்டுகள் நீங்கியும் தலை அசையாமல் இருப்பது இயல்பு. அப்போது கேஸ்கெட் இடுக்கில் திருப்புளியைச் செருகி நெம்புதல் பெருங்குற்றம். இழைத்தெடுத்த பரப்பில் விழும் ஒரு கீறல், புதுக் கேஸ்கெட்டையும் ஒழுக வைக்கும். மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்ட வேண்டும். பிளக்குகளை மாட்டிய நிலையில் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுழற்றினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே தலையைத் தளர்த்திவிடுவதும் உண்டு. பிறகு நேர்மேலாக, சாயாமல் தூக்க வேண்டும்.

தூக்கிய பிறகு காண்பதே இவ்வேலையின் உயிர்ப்பகுதி. நான்கு அறைகளின் நிறமும் நான்கு வாக்குமூலங்கள். வெளிறிய பழுப்பு நிறம் எரிதல் சரியாக நடந்ததைச் சொல்லும். உலர்ந்த கரும்புகைப் படிவு பெட்ரோல் மிகுந்ததைச் சொல்லும். ஈரக் கருமை எண்ணெய் ஏறியதைச் சொல்லும். மற்றவை கறுத்திருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் துலக்கமாக இருந்தால், அங்கே நீர் புகுந்து ஆவியாகிச் சுத்தம் செய்திருக்கிறது. கேஸ்கெட்டில் இரு துளைகளுக்கிடையே கருகிய கோடு, நெருப்பு எவ்வழி ஓடிற்று என்பதைக் காட்டும். நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டத்தைத் தலையின் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டத்திலும் வைத்து, அடியில் அளவுத்தகடு நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரியும். பட்டறைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது. ரசீது மட்டும் கிட்டும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே முடிக்கலாம் என்பது வாதமன்று. வளைந்த தலையை இழைப்பதும், வால்வு இருக்கைக்கு வளையம் பதிப்பதும், நுண்வெடிப்பைச் சோதிப்பதும் இயந்திரப் பட்டறையின் வேலைகள். ஆனால், தலையைத் தானே கழற்றிக் கையில் ஏந்திச் செல்பவர் எதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று அறிந்து செல்கிறார். செய்யாத வேலைக்குக் காசு கேட்டாலும் அறிந்துகொள்கிறார். ஆபத்து என்று அஞ்சுவோருக்கும் மறுமொழி உண்டு. ஆபத்து இருக்கத்தான் செய்கிறது: பெட்ரோல் ஆவி, சூடான நீர், இவற்றினும் கொடியதாகப் பழைய கேஸ்கெட். செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்துச் செய்தவை அக்காலத்துக் கேஸ்கெட்டுகள். கல்நார்த் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய் தருவது. அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. நனைத்து, தூசி எழாமல் எடுத்து, பையில் கட்டி அகற்ற வேண்டும். இந்த அறிவை ஊட்டாமல் 'தொடாதே' என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, பிற்காலத்தில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து அதே தூசியை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறான். தடுத்தவர் அவனைக் காத்தாரா?

மொழியைக் காட்டி மறுப்போர் இன்னும் இருக்கின்றனர். தமிழில் இவற்றையெல்லாம் எழுத முடியாது என்பது ஒருவர் கட்சி. வால்வுக்கும் கேஸ்கெட்டுக்கும் தூய தமிழ்ச்சொல் முடிவாகும்வரை எழுதலாகாது என்பது மற்றவர் கட்சி. முன்னவர் தமிழை அறியார். பின்னவர் தொழிலை அறியார். இவ்வேலையில் பெயர்ச்சொற்கள் இரவல் வந்தவை. வினைச்சொற்களோ வீட்டுச் சொத்து. தளர்த்துதல், கழற்றுதல், உருவுதல், நெம்புதல், சுரண்டுதல், துடைத்தல், இழைத்தல், பொருத்துதல், மாட்டுதல், முடுக்குதல், இறுக்குதல். கசிவு, படிவு, தேய்வு, பிசிறு, வெடிப்பு, வளைவு. இவற்றுள் எதற்குத் தமிழ் பிறமொழியிடம் கையேந்த வேண்டும்? இறுக்குவதற்கும் முடுக்குவதற்கும், கழற்றுவதற்கும் உருவுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழன் விரலால் அறிந்து வைத்திருக்கிறான். பொருளை வால்வு என்றே எழுதிவிட்டுச் செயலைத் தமிழில் சொன்னால் மொழி தேய்ந்துவிடாது. சொல்லுக்காகக் காத்திருந்து செயலை எழுதாமல் விட்டதனால்தான் தேய்ந்தது. செந்தூல் இரயில்வே பணிமனையில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். தோட்டத்து ரப்பர் ஆலைகளில் இயந்திரங்களை ஓட்டினர். லாரிகளைப் பழுது பார்த்தனர். அவர்கள் காதால் ஒலியைக் கேட்டே நோயைச் சொன்னவர்கள். அவர்கள் அறிந்ததில் எத்தனைப் பக்கம் தமிழில் ஏறியது? நிலவைப் பற்றியும் தென்றலைப் பற்றியும் ஆண்டுதோறும் மாணவர் எழுதிக் குவித்த பக்கங்களோடு ஒப்பிட்டால் வெட்கமே மிஞ்சும்.

திரும்ப மாட்டுவதில் இன்னும் கூரிய பாடங்கள் உள்ளன. புதுக் கேஸ்கெட்டில் எது மேற்பக்கம், எது முன்பக்கம் என்று பொறித்திருக்கும். மாற்றி வைத்தால் வழிகள் பொருந்தா. நட்டுகளை இம்முறை நடுவிலிருந்து விளிம்புக்கு, படிப்படியாக, விசையளக்கும் ஸ்பானரால் 40 பவுண்டு-அடி அளவுக்கு இறுக்க வேண்டும். இவ்வளவு இவ்வியந்திரத்துக்கே உரியது. வேறொன்றுக்கு அதன் கையேடு சொல்வதே அளவு. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவின் அலுமினியத் தலையும் பல்பட்டையும் வேறு முறை கேட்பவை. பட்டையை எடுக்குமுன் அடையாளக் கோடுகளை ஒன்றுசேர்க்காவிட்டால் வால்வு திறக்கும் நேரமே பிறழும். பிற்காலக் கார்கள் பலவற்றில் தலையின் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடுபவை. அவற்றை மறுபடி மாட்டலாகாது.

அடுத்து, ஒவ்வொரு வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே 0.012 அங்குல இடைவெளி வைக்க வேண்டும். வால்வு முழுதும் மூடியிருக்கும் நேரத்தில்தான் அதை அளக்க முடியும். எது எப்போது மூடியிருக்கும் என்று எப்படி அறிவது? முன்னிருந்து பின்னாக ஒன்று முதல் எட்டுவரை எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யலாம்; ஏழு திறந்திருக்கும்போது இரண்டை; ஆறுக்கு மூன்று; ஐந்துக்கு நான்கு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. மந்திரம் ஒன்றுமில்லை. முதல் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றது ஒரு முழுச்சுற்றுக் கழித்தே செய்யும். இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. வால்வுகளோ கண்ணாடியில் பார்த்ததுபோல் நடுவின் இருபுறமும் ஒத்து அமைந்தவை. ஆகவே ஒன்று உச்சத்தில் திறக்க, அதன் இணை முற்றிலும் மூடியிருக்கிறது. ஒன்பது வரும் கூட்டலை நான்காம் ஆண்டு மாணவன் நொடியில் சொல்வான். அந்தக் கூட்டலுக்கு இரும்பில் ஒரு வாழ்வு உண்டு என்பதை யார் அவனுக்குக் காட்டினார்?

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பாடமே ஏற்பட்ட பிறகும், அட்டையும் பசையும் கொண்டு செய்த மாதிரிகளோடு பல இடங்களில் அது நின்றுவிடுகிறது. முழுக் காரைப் பள்ளிக்குக் கொண்டுவர யாரும் கேட்கவில்லை. பழுதாகி ஒதுக்கப்பட்ட ஒரு சிலிண்டர் தலை உதிரிப்பாகக் கடையில் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். அதை நன்றாகக் கழுவி மேசைமேல் வைத்து, வால்வை மாணவர் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். நீர் போகும் துளை எது, எண்ணெய் போகும் துளை எது என்று கண்டுபிடிக்கட்டும். கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். மேசையில் கறை படியும் என்று தலைமையாசிரியர் தயங்கினால், பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்துக்கொள்ளலாம்.